வாய் நிறையத் தண்ணீர்

...துப்பினாலும் வலி, விழுங்கினாலும் வலி, அப்படியே அடக்கிவைத்துக்கொண்டால் மட்டும் வலி இல்லை, ஆனால் பானைத் தண்ணீர் வாய்க்குள் போன பிறகு எவ்வளவு நேரத்துக்குத்தான் ஜில்லென்று இருக்கும், ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போனால் முப்பதில் வெதுவெதுப்பு, நாற்பதில் வெந்நீர், நாற்பத்தைந்தில் வலது பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல்லுக்குள் எவனோ லேத்தை ஓட்டிவிடுகிறான், அதுவும் எண்ணெய் விடாமல், பச்சை இரும்பில்... பாஸ்கல் அவசரமாக வாளியில் துப்பிவிட்டுச் சொம்பை எடுத்து அடுத்த வாய்த் தண்ணீரை நிரப்பிக்கொண்டார். வலி அடங்கியது, கோபம் அடங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அதுவுமாகப் பூசைக்குக்கூடப் போகாமல், விடிந்ததில் இருந்து முன்னறை நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்தில் ஒரு பானை, ஒரு சொம்பு, ஒரு வாளி என்று ஏதோ தண்ணீர்ப் பந்தல் வைத்தவனைப் போல... ஆவடித் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷமாக லேத்தில் இரும்பு கடைகிற டர்னர், நாற்பத்தாறு வயது, குவார்ட்டர்ஸ் முழுக்க ஹோமியோ டாக்டர் என்று பெயர், பெயர் வாங்கிக் கொடுத்ததே இந்த வாய்தான், இப்போது அதைத் திறக்க வழியில்லை, திறந்தால் கொட்டிவிடும். திட்ட வேண்டியவர்களின் பட்டியல் மட்டும் நிமிஷத்துக்கு நிமிஷம் நீண்டுகொண்டே போகிறது. முதலில் இந்த டிவி. லைன் முழுக்க ஒரே நேரத்தில் அலறுகிறது, இந்தியில் ஏதோ ராஜா ஏதோ ராணியிடம் அழுகிறார், இந்த லைனில் இந்தி தெரிந்தவர்கள் மூன்று பேர், பார்க்கிறவர்கள் முந்நூறு பேர், அந்த முந்நூறு பேருக்கும் கூடச் சேர்ந்து அழத் தெரிகிறது, அது எப்படி? கேட்கலாம் என்றால் வாயில் தண்ணீர்.

அடுத்து இந்தக் கிராம்பு. முதல் பூசைக்குப் போய்த் திரும்பிய ஞானகுமாரி, முக்காட்டை எடுக்கும் முன்பே ஒரு சின்னத் தட்டில் ஒரே ஒரு கிராம்பை வைத்து அவர் முழங்கைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள், ஒரு வார்த்தை சொல்லவில்லை, பல்லில் வையுங்கள் என்றுகூடச் சொல்லவில்லை, வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள், சொல்லியிருந்தாலாவது மறுத்திருக்கலாம். பதினெட்டு வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்குத் தெரியாதா, ஹோமியோ சாப்பிடுகிறவன் கிராம்பு பக்கம் போகக் கூடாது, கற்பூரம் கூடாது, பச்சை வெங்காயம் கூடாது, பற்பசைகூடக் கூடாது, அதில் புதினா வாசம், மருந்தின் வீரியத்தை முறித்துவிடும் என்று ஊருக்கெல்லாம் சொல்லி, ஊர் கேட்கிறதோ இல்லையோ அவர் மட்டும் ஆறு வருஷமாக உப்பில் பல் தேய்த்து... இந்தப் பல்லுக்காக அவர் செய்த தியாகம் கொஞ்சமா? காப்பியை விட்டார். காப்பியைப் போய் விட்டார். காலை ஷிப்டில் எல்லோரும் கண்ணாடித் தம்ளரில் நுரை தள்ள உறிஞ்சும்போது இவர் மட்டும் சுக்குத் தண்ணீர். சரி, விட்டார், அதற்கு அந்தப் பல் என்ன நன்றி காட்டியது? பத்து நாளைக்கு முன்னால் ஒரு ஐஸ் குச்சி பட்டதும் சுளீர் என்றது. மூன்றாம் நாள் சர்க்கரைப் பொங்கலுக்கு. அப்புறம் சுடுசோற்றுக்கு. நேற்றிலிருந்து எதுவும் படாமலே, தன் சொந்த முயற்சியில். மெர்க் சால் போட்டார். காமோமில்லா போட்டார், முப்பது வீரியம், பிறகு இருநூறு. புத்தகத்தில் காமோமில்லாவுக்கு எழுதியிருக்கிறது, நோயாளி எரிந்து விழுவான், கேட்டதையே கொண்டுவந்து கொடுத்தாலும் வீசி எறிவான், யாருக்கும் மரியாதையாகப் பதில் சொல்ல மாட்டான் என்று. அதைப் படித்தபோது அவருக்கே தன் புகைப்படத்தைப் பார்த்தது போல இருந்தது. புகைப்படம் அச்சு அசல், மருந்துதான் வேலை செய்யவில்லை.

வாளி, சொம்பு, தண்ணீர். ஒன்று, இரண்டு... சுவரில் சட்டம் போட்டு மாட்டிய டிப்ளமா, தபால் வழியாகப் படித்தது, அதற்குக் கீழே மேஜைமேல் மரப்பெட்டி, பெட்டிக்குள் நூற்றெட்டு குப்பி, ஒவ்வொன்றிலும் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய சர்க்கரை உருண்டைகள். ஞாயிறுதோறும் அந்த இந்தித் தொடர் முடிந்த கையோடு ஜனங்கள் வந்துவிடுவார்கள், முத்தாபுதுப்பேட்டையில் இருந்துகூட வருவார்கள், காசு வாங்குவதில்லை, கேள்வி மட்டும் நிறையக் கேட்பார். கேள்விகளை அவரே கார்பன் வைத்துப் படி எடுத்து நோட்டு நோட்டாகத் தைத்து வைத்திருக்கிறார். பெயர், வயது, தொல்லை, எந்த நாள் முதல், எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது, தூக்கம், கனவு, கடைசியாகக் குணம். அதாவது ஆளின் குணம், கோபக்காரரா, அழுமூஞ்சியா, சந்தேகப் பிராணியா. பக்கத்தின் அடியிலும் ஒரு குணம் உண்டு, அது நோய் குணமான தேதியைச் சிவப்பு மையில் போடுவதற்கு. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்த தமிழைப் பற்றி அவருக்கு ஏகப்பட்ட பெருமை. மேல் குணத்தைச் சரியாகப் பிடித்துவிட்டால் கீழ்க் குணம் தானாக நடந்து வரும் என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லுவார், சொல்லிவிட்டு அவர்கள் முகத்தைப் பார்ப்பார், புரிந்ததா என்று, புரியாவிட்டால் இன்னொரு முறை சொல்லுவார். இன்றைக்கும் வருவார்கள். வந்து, வாளியையும் சொம்பையும் பார்த்து... பார்க்கட்டும். மெயின் ரோட்டில் புதிதாக ஒரு பல் டாக்டர் பலகை மாட்டியிருக்கிறார், பலகையில் கையும் காலும் முளைத்த ஒரு பல், அந்தப் பல் முப்பத்திரண்டு பல்லையும் காட்டிச் சிரிக்கிறது, பல்லுக்கு ஏதப்பா பல், ஞாயிறும் பன்னிரண்டு மணி வரை உண்டு என்று அடியில் எழுதியிருக்கிறது. இங்கிருந்து சைக்கிளில் எட்டு நிமிஷம். அங்கே போய் வாயைப் பிளந்து உட்கார்ந்தால் அரை மணியில் லைன் முழுக்கத் தெரிந்துவிடும், டாக்டருக்கே டாக்டர் பார்த்தாங்களாம் என்று. ஊர் தெரிந்துகொண்டு போகட்டும், எதிர் வீட்டுக்குத் தெரியும். கஜபதிக்குத் தெரியும். அதுதான், அது ஒன்றுதான்... முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது. துப்பு.

கஜபதி, எதிர் வரிசை, திருமுல்லைவாயில்காரன், அதே செக்‌ஷன், அடுத்த லேத். பதினான்கு வருஷம் அண்ணாத்தே, அண்ணாத்தே என்று காலைச் சுற்றி வந்தவன், பத்து மாதமாகப் பேச்சு இல்லை. போன ஆவணியில் அவன் பெண்சாதி பஞ்சவர்ணம் இதோ இந்த ஸ்டூலில்தான் வந்து உட்கார்ந்தாள், கையில் ஒரு சொம்பு, கன்னத்தில் ஒரு கை, பேச முடியவில்லை, ஒரு வாய்த் தண்ணீரை விழுங்கிவிட்டு, ஜில்லுனு வெச்சுக்கினா தேவலையா கீதுண்ணா, சூடானா உசிரு பூடுது என்றாள். பாஸ்கலுக்கு அப்படியே புல்லரித்துவிட்டது. காஃபியா! புத்தகத்தில் அந்த வரியை அவர் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார், குளிர்ந்த நீரை வாயில் அடக்கினால் மட்டும் வலி குறையும் என்று, ஆறு வருஷமாக ஒருத்தர்கூட அப்படி வந்ததில்லை, இவள் வந்தாள், வரிக்கு வரி. ஒரு பெண்பிள்ளை வலியில் துடிக்கிறாள், அவருக்கு ஒரே சந்தோஷம்... இதை நினைத்தால் இப்போது நாற்காலியில் நெளிய வேண்டியிருக்கிறது, அப்போது நெளியவில்லை, நடு வீட்டில் நின்றுகொண்டு ஞானகுமாரியைக் கூப்பிட்டுக் காட்டினார், பார், சொம்போடு வந்திருக்கிறாள் பார் என்று, கண்காட்சிக்கு வந்த மாட்டைக் காட்டுவது போல. காப்பிக்கொட்டையில் இருந்து எடுத்த மருந்து, இவர் விட்ட காப்பி, அதில் நாலே உருண்டை நாக்கில் போட்டார். மறுநாள் சாயங்காலம் வலி நின்றது. கத்தரித்தாற்போல நின்றது. கஜபதி செக்‌ஷன் முழுக்க மசால்வடை வாங்கிக் கொடுத்தான். இவர் நோட்டை எடுத்து, சிவப்பு மை ஊற்றிய பேனாவைத் திறந்து, பஞ்சவர்ணத்தின் பக்கத்தில் அடியில், வலி நின்றது, குணம், என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கையெழுத்து எதற்கு? யார் கேட்டார்கள்?

பதினைந்தாம் நாள் அவள் முகம் ஒரு பக்கம் பூசணிக்காய் மாதிரி வீங்கியது. வாய் திறக்க முடியவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை, காய்ச்சல். ராத்திரியோடு ராத்திரியாகப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், தாடைக்குக் கீழே கிழித்துச் சீழ் எடுத்து, பிழைத்ததே பெரிசு என்றார்களாம். பாஸ்கல் மூன்றாம் நாள் ஒரு ஆர்லிக்ஸ் பாட்டிலோடு ரயில் ஏறினார். வார்டு வாசல் வரைக்கும் போனார். உள்ளே கட்டிலில் ஒரு கட்டு, கட்டுக்கு நடுவில் இரண்டு கண், கட்டில் பக்கத்தில் தரையில் கஜபதி, முழங்காலில் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டு. அப்படியே திரும்பிவிட்டார். அந்த ஆர்லிக்ஸை என்ன செய்வது, வீட்டில் கேட்பாளே என்று ஒளித்துவைத்து, தினம் ராத்திரி திருடன் மாதிரி ஒவ்வொரு கரண்டியாக அவரே தின்று தீர்த்தார், ஒரு மாதம் ஆயிற்று, இரண்டு கிலோ ஏறினார். அவள் வீடு திரும்பிய அன்று சாயங்காலம் கஜபதி வந்தான். உட்காரவில்லை. அந்த நோட்டை எடுக்கச் சொன்னான், எடுத்தார், அந்தப் பக்கத்தைத் திருப்பச் சொன்னான், திருப்பினார், படிக்கச் சொன்னான்.

"வலி நின்னா குணமா, அண்ணாத்தே?" என்று கேட்டான். கத்தவில்லை, அதுதான் பொறுக்கவில்லை. "பல்லு உள்ளாற நரம்பு செத்துப் பூட்ச்சாம், அதான் நின்னுக்கீதுன்னு டாக்டரு சொல்றாரு. செத்ததுக்கா நீ செகப்பு மையில குணம்னு போட்டுக்கினே?"

சண்டை போட்டிருக்கலாமே, சட்டையைப் பிடித்திருக்கலாமே, நாலு பேர் கூடி விலக்கியிருப்பார்கள், மறு வாரம் ராசியாகியிருக்கும். கேள்வி கேட்டுவிட்டுப் போய்விட்டான், படுபாவி. பதில் சொல்லவும் விடவில்லை. விட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாராம்? பத்து மாதமாக லேத் முன்னால் நின்றுகொண்டு தினம் ஒரு பதில் தயார் செய்கிறார். நான் என்ன பல் டாக்டரிடம் போகாதே என்றா சொன்னேன்? போ என்றும் சொல்லவில்லை. பதினைந்து நாள் சும்மா இருந்தது யார்? குணம் என்று எழுதிக் கொடுத்த பிறகு எவள் போவாள்? ஒவ்வொரு பதிலுக்கும் லேத்தில் சீவிய இரும்பைப் போல ஒரு சுருள் உதிர்கிறது, கையைக் கிழிக்கிறது. அளவு பார்க்க வெர்னியர் வேண்டுமென்றால் பக்கத்தில் நிற்கிறவனிடம் கேட்காமல் நாலு லேத் தள்ளிப் போய் மனோகரனிடம் கேட்கிறார், மனோகரன் அதைக் கஜபதியிடம் கேட்டு வாங்கி வந்து கொடுக்கிறான், ஒரு வெர்னியர் இரண்டடி தூரம் வருவதற்கு நாற்பதடி நடக்கிறது. அவன்மேல் வருகிற கோபத்தில்... வாளி. சொம்பு. பானையில் தண்ணீர் பாதிக்குக் கீழே போய்விட்டது. இப்போது இவர் வாயிலேயும் அதே தண்ணீர், அதே வரி, நேற்று ராத்திரி அதே காஃபியா, அதே நாலு உருண்டை, வேறு எந்த மருந்துக்குப் போவது, புத்தகத்தில் அதுதானே இருக்கிறது. ஒருவேளை தப்பாகப் பார்த்திருக்கலாம். தன் கேஸைத் தானே பார்க்கக் கூடாது என்று அந்தத் தபால் பாடத்திலேயே மூன்றாவது பாடத்தில் உண்டு. சரி. அவர் கைதட்டி ஞானகுமாரியைக் கூப்பிட்டார்.

அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள். நோட்டை நீட்டினார், புதுப் பக்கம், பேனா, ஸ்டூலைக் காட்டினார். புரிந்துகொண்டாள், புரிந்துகொள்வதில் அவளுக்கு இணை கிடையாது, அதுவே ஒரு எரிச்சல். ஸ்டூலில் உட்கார்ந்து, மடியில் நோட்டை வைத்து, கேள்விகளை அவர் கேட்கிற அதே ராகத்தில் கேட்டாள், இந்த ராகத்திலா கேட்கிறோம், இவ்வளவு அலட்டலாகவா? தொல்லை? விரலால் தாடையைக் காட்டினார். எந்த நாள் முதல்? பத்து விரல். எதனால் கூடுகிறது? அடுப்பைக் காட்டினார். குறைவது? சொம்பைக் காட்டினார். தூக்கம்? கையை விரித்தார். கனவு? தலையை ஆட்டினார், இல்லை என்று, உண்டு, ஒரு நோட்டைத் தொலைத்துவிட்டுத் தேடுகிற கனவு, அதைத் தண்ணீர் வாயோடு எப்படிச் சொல்வது. அடுத்தது குணம். அதை அவள் கேட்கவில்லை. குனிந்து எழுத ஆரம்பித்துவிட்டாள். எழுதினாள், எழுதினாள், ஒரு வரி, இரண்டு வரி, நோட்டை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் சாய்த்துக்கொண்டு மூன்றாவது வரி. ஒரு மனுஷனின் குணத்துக்கு இவ்வளவு இடமா? யாரைக் கேட்டு எழுதுகிறாள்? எட்டிப் பார்க்கக் கழுத்தை நீட்டினால் தண்ணீர் தளும்பியது. ம் என்றார். ம்ம் என்றார். நிமிர்ந்து பார்த்தாள்.

"வலி பத்து நாளாங்க. இது எந்த நாள்ல இருந்துன்னு போடட்டும்?"

எதுடி எந்த நாளில் இருந்து? எதைச் சொல்கிறாய் நீ? வாளியைக்கூடத் தேடாமல் வாசல் பக்கம் திரும்பி மொத்தத் தண்ணீரையும் துப்பினார், துப்பிவிட்டு, நாற்பத்தைந்து எண்ணுவதற்குள் திட்டி முடித்தாக வேண்டும், கிராம்பில் ஆரம்பிக்கலாமா, டிவியில் ஆரம்பிக்கலாமா, பதினெட்டு வருஷத்தில் ஆரம்பிக்கலாமா, வாயைத் திறந்தார், எண்ணிக்கை பாட்டுக்கு உள்ளே ஓடிக்கொண்டிருந்தது, இருபது, முப்பது, எதில் ஆரம்பிப்பது, நாற்பது, வரப்போகிறது, தாடையை இறுக்கினார், நாற்பத்தைந்து. வரவில்லை. ஐம்பது. எழுபது. எதிர் வீட்டு டிவியில் சங்கு ஊதி அடங்கியது. நூற்றிருபது வரை எண்ணிவிட்டு நாக்கின் நுனியால் அந்தப் பல்லைத் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் இல்லை. ஆள்காட்டி விரலால் தட்டினார். கட்டையைத் தட்டினாற்போல. நின்றுவிட்டது. கத்தரித்தாற்போல நின்றுவிட்டது... காஃபியா! ஒரு நொடி, ஒரே ஒரு நொடிதான், நெஞ்சுக்குள் மசால்வடை வாசனைகூட வந்துவிட்டது, எழுந்து எதிர் வீட்டு வாசலில் போய் நின்று வாயைத் திறந்து காட்ட வேண்டும் போல, பாரடா கஜபதி என்று... அந்த நொடி போனது. அந்த இடத்தில், இப்போது பல்லுக்குள்ளே என்ன கிடக்கிறது என்பது அவருக்குத் தெரிந்தது. பத்து மாதத்துக்கு முன்னால் அவனிடம்தான் பாடம் கேட்டாயிற்றே.

"நின்னுடுச்சாங்க?" என்றாள் ஞானகுமாரி. தலையை ஆட்டினார். அவள் நோட்டை அப்படியே அவர் மடியில் வைத்தாள், மேஜையில் இருந்த சிவப்புப் பேனாவையும் எடுத்து அதன்மேல் வைத்தாள். குத்திக் காட்டுகிறாளா? முகத்தைப் பார்த்தார், அப்படித் தெரியவில்லை, வழக்கப்படி வைக்கிறாள், யாருக்கு வலி நின்றாலும் இந்தப் பேனாதானே. உள்ளே போய்விட்டாள். அவள் எழுத்து, சந்தைச் சீட்டு எழுதுகிற அதே உருண்டை எழுத்து. குணம்: கோபம். பல் வலிக்கு முன்பே உண்டு. பஞ்சவர்ணம் ஆஸ்பத்திரியில் படுத்த நாளில் இருந்து. யார் மேல் என்று கேட்டால் சொல்வதில்லை. கூடுவது, எதிர் வீட்டுக் கதவு திறந்தால். குறைவது, ஒரு மாதம் ராத்திரியில் ஆர்லிக்ஸ் சாப்பிட்டபோது கொஞ்சம் குறைந்தது.

தெரியுமா. அதுவும் தெரியுமா இவளுக்கு. அவருக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு வேறு ஏதோ வந்தது, கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டார். பத்து நாளாக வலிதான் கோபம் என்று நினைத்திருந்தார், வலி நின்றால் எல்லோரையும் மன்னித்துவிடுவதாக விடியற்காலை மாதா படத்துக்கு முன்னால் பேரம்கூடப் பேசியிருந்தார். வலி நின்று ஐந்து நிமிஷம் ஆகிறது. காத்திருந்தார், இதோ போகும், இதோ போகும் என்று. போகவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தது, தண்ணீர் வடிந்த பானையின் அடியில் கல் தெரிவது போல. சரி, யார் மேல்? டிவி மேல் இல்லை, அது ஓய்ந்துவிட்டது. கிராம்பு மேலும் இல்லை. கஜபதி மேலா? கேள்வி கேட்டவன் மேல் எதற்கு...

"டாக்டரு, கீறியா?" தாயம்மா படியேறி வந்துவிட்டாள், தொழிற்சாலை கேட்டுக்கு வெளியே கீரை விற்கிறவள், ஞாயிறு வரிசையில் எப்போதும் முதல் ஆள், வெளியே இன்னும் நாலைந்து செருப்புச் சத்தம். வாளியைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து கூடையைக் கீழே வைத்தாள். பல் வலி எப்படி இருக்கிறது என்று அவரையே விசாரித்தாள், லைன் முழுக்கத் தெரிந்திருக்கிறது, ரகசியமாம் ரகசியம். அவர் நோட்டில் அவள் பக்கத்தைத் தேடி எடுத்தார். இரண்டு மாத இருமல், ராத்திரியில் கூடும், உட்கார்ந்தால் குறையும். ஆள் போன தடவையைவிட இளைத்திருந்தாள், கழுத்து எலும்பு துருத்திக்கொண்டு, அல்லது போன தடவை அவர் பார்க்கவில்லை. இருமல் எப்படி என்று கேட்டார். சொந்தக் குரல் தனக்கே கேட்டு ரொம்ப நேரமாகியிருந்தது.

"அது நின்னு பூட்ச்சு டாக்டரு, புதங்கெயமயே. நீ குணம்னு போட்டுக்கோ, நான் கெளம்பறேன், கீர வாடுது."

சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்தார். மூடினார்.

"நின்னுடுச்சா, குணமாயிடுச்சா?"

தாயம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள், வலியில் மனுஷனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்பது போல. "இன்னா டாக்டரு, ரெண்டும் ஒண்ணுதான?"

ஜன்னலுக்கு வெளியே எதிர் வீட்டுக் கதவு திறந்தது. பஞ்சவர்ணம் துவைத்த துணியோடு கொடிக்கு வந்தாள், வெயிலுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டபோது தாடைக்குக் கீழே அந்தத் தழும்பு, அவளுக்குப் பின்னால் பனியனோடு கஜபதி, கையில் கிளிப் டப்பா. சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றுக்குப் பத்து நிமிஷம். மெயின் ரோட்டில் அந்தப் பலகைப் பல் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் சிரித்துக்கொண்டிருக்கும். ஸ்டூலில் தாயம்மா பதிலுக்குக் காத்திருந்தாள். பாஸ்கல் வாயைத் திறந்தார். இப்போது அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆனால் வார்த்தைக்கு முன்னால் உள்ளே எதுவோ தானாக எண்ண ஆரம்பித்திருந்தது, ஒன்று, இரண்டு, மூன்று...